எறும்பு என்ற பெயரில் ஒளிந்திருக்கும் பல் மருத்துவருக்கு

தம்பிக்கு,

நான் பேசாமல் இருந்தது போதும் என்று முடிவு செய்துவிட்டேன். மேலே ‘அன்புள்ள’ என்ற சொல் இல்லாதது மறதியால் அல்ல. முதலில் எழுதினேன், பிறகு அடித்தேன், அடித்தது பளிச்சென்று தெரிந்ததால் வேறு தாள் எடுத்தேன். இங்கு நானும் உன் அண்ணியும் நலம். உன் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். எல்லோரும் என்பதில் நீயும் சேர்த்தி. கிளினிக் நன்றாக நடப்பதாகக் கேள்விப்பட்டேன். ஊரில் யாராவது ஒருவர் வாயில் பல் மிச்சம் இருக்கும்வரை அது நடக்கும். மரியாதைக்குச் சொல்ல வேண்டியவை இத்துடன் முடிந்தன.

நமக்குள் பேச்சு நின்றது எதனால் என்பதை நீ மறந்திருக்கலாம். எனக்கு ஒவ்வொரு வேளையும் சாப்பிட உட்காரும்போது நினைவு வருகிறது. எனக்கு வலித்தது வலப்பக்கம் கீழ்வரிசையில் கடைசிப் பல். நீ எடுத்தது அதற்குப் பக்கத்துப் பல். கேட்டதற்கு, வலிக்கிற இடம் வேறு, கெட்டுப்போன இடம் வேறு என்றாய், வலி இடம் மாறித் தெரியும் என்றாய், படத்தை விளக்கில் பிடித்துக் காட்டினாய். அந்தப் படத்தில் எனக்குத் தெரிந்தது மேகமூட்டம் மட்டும்தான். கொஞ்ச நாளிலேயே இன்னொரு மருத்துவர் கடைசிப் பல்லையும் எடுக்க வேண்டி வந்தது. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்துக்குள்ளான வண்டிகளைப் பார்த்து, சேதம் எவ்வளவு, தவறு யார் மேல் என்று எழுதிக் கொடுப்பது என் தொழில். முன்பின் தெரியாதவர்களின் பம்பருக்கெல்லாம் அறிக்கை எழுதியவன் என் சொந்த வாய்க்கு ஒன்று எழுதக் கூடாதா? வரைபடத்தோடு எழுதி அனுப்பினேன். நீ பதில் எழுதவில்லை. அதற்குப் பதிலாக என் மகளைக் கூப்பிட்டு, "உங்கப்பா வாயில மிச்சம் இருக்குற பல்லையெல்லாம் நான் விசாரிச்சதா சொல்லு" என்று சொல்லி அனுப்பினாய். அவளும் வந்து சொன்னாள். அன்றோடு நான் நிறுத்தினேன். நீயும் நிறுத்தினாய். ஊரையே வாயைத் திறக்கச் சொல்கிற நீ, அண்ணனிடம் மட்டும் இத்தனை வருஷமாக வாயைத் திறக்கவில்லை.

இதில் அடிபட்டது யார் என்று மதிப்பீட்டாளன் என்ற முறையில் பார்த்தால், அது நீயும் இல்லை, நானும் இல்லை. என் மகள் வெளியூர் வேலைக்குப் போன பிறகு விடுமுறைக்கு வரும்போதெல்லாம் மத்தியானச் சாப்பாட்டை இரண்டு முறை சாப்பிடுகிறாள். முதலில் எங்கள் வீட்டில், அப்புறம் நாலு தெரு தள்ளி உன் வீட்டில். இங்கே குறைத்துச் சாப்பிட்டால் அவள் அம்மா முகம் மாறுகிறது, அங்கே குறைத்துச் சாப்பிட்டால் உன் மனைவி முகம் மாறுகிறது. திரும்பிப் போகும்போது பஸ்ஸில் நிமிர்ந்து உட்கார முடியாமல் போகிறாள். போன வாரம் போனில் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். "அப்பா, அடுத்த மாசம் வர்றேன். இந்தத் தடவை ஒரு மத்தியானத்துக்கு ஒரு சாப்பாடுதான். எந்த வீட்டுலன்னு நீங்களும் சித்தப்பாவும் பேசி முடிவு பண்ணுங்க. பேச மாட்டீங்கன்னா சொல்லிடுங்க, நான் ஹோட்டல்ல ரூம் எடுத்துக்கிறேன்." அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். ரூம் எந்தத் தெருவில் என்பதுவரை பார்த்து வைத்திருக்கிறாள்.

ஆகவே இந்தக் கடிதம். ஆனால் நேராகச் சாப்பாட்டுக்கு வர முடியாதபடி நடுவில் ஒரு விளையாட்டு வந்து குறுக்கே நிற்கிறது. அது என்ன என்பது உனக்குத் தெரியும். தெரியாத மாதிரி நீ நடிப்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் அறிக்கை என்றால் முதலிலிருந்து எழுதுவதுதான் முறை.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மகளுக்குப் போன் செய்தேன். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், மழையா, மழை இல்லை என்பதற்குள் எங்கள் பேச்சு வழக்கமாக முடிந்துவிடும். அன்றைக்கு அதற்கும் நேரமில்லை. "அப்பா, டவர் விழப்போகுது, அப்புறம் கூப்பிடுறேன்" என்றாள். நான் தொழில் புத்தியில், யாருக்காவது அடியா என்று கேட்டேன். அவள் பதில் சொல்லும் முன் பின்னால், அவள் கம்ப்யூட்டரிலிருந்து, ஒரு சிரிப்புக் கேட்டது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு மாதிரி விட்டு விட்டு வருகிற அந்தச் சிரிப்பை நான் சின்ன வயதிலிருந்து ஒரே அறையில் படுத்துக் கேட்டு வளர்ந்தவன். போன் வைத்த பிறகு உன் அண்ணியிடம் விசாரித்தேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தாமலே சொன்னாள்: "அவளும் உங்க தம்பியும் ஞாயிறு ஞாயிறு கம்ப்யூட்டர்ல ஏதோ சண்டை கேம் ஆடுறாங்க. ரொம்ப நாளா நடக்குது. உங்களுக்குத் தெரியாதா?" எனக்குத் தெரியாது. என்னோடு மழை பற்றி நாலு வார்த்தை பேசுகிறவள் உன்னோடு மாலை முழுவதும் பேசிச் சிரிக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. பல்லையும் நீ எடுத்தாய், ஞாயிற்றுக்கிழமையையும் நீ எடுத்தாய்.

அதே கையோடு நானும் அந்த விளையாட்டில் இறங்குவது என்று தீர்மானித்தேன். அந்த வகை விளையாட்டு ஒன்றல்ல, பல என்பது அப்போது தெரியாது. இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். இரண்டு மூலையில் இரண்டு கோட்டை, நடுவில் மூன்று பாதை, பாதை நெடுகக் கோபுரங்கள், இடையில் காடு. ஆளுக்கொரு வீரனைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு எதிரியின் கோபுரங்களை ஒவ்வொன்றாக இடித்து, கடைசியில் கோட்டையை இடிக்க வேண்டும். இதே அமைப்பை வைத்துக்கொண்டு பல கம்பெனிகள் பல விளையாட்டுகள் செய்து வைத்திருக்கின்றன. எதில் தொடங்குவது? மகளிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் அது அன்று மாலையே உன் காதுக்கு வரும். நீ அந்தப் பம்புச் சிரிப்பைச் சிரிப்பாய். அதைவிட நான் எங்கள் கிளை மேலாளரிடமே கேட்பேன் என்று போனேன்.

அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலி நியாயமாக யாருடையது என்பது தனிக் கடிதத்துக்கு உரியது. அதைத் தலைமை அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன். அவர் மத்தியான வேளையில் கதவைச் சாத்திக்கொண்டு போனில் இப்படி ஏதோ ஆடுகிறார் என்பது அலுவலகத்தில் எல்லோரும் அறிந்த ரகசியம். நான் உள்ளே போனதும் போனைக் கவிழ்த்து வைத்தார். புதிதாக ஆரம்பிக்கிறவன் எந்த விளையாட்டில் ஆரம்பிக்கலாம் என்று கேட்டதும் மறுபடி நிமிர்த்தி வைத்தார். "மொதல்ல எந்த கேம்னு பாக்காதீங்க சார். யார்கூட ஆடப் போறீங்க, அதைச் சொல்லுங்க. அவங்க எதை ஆடுறாங்களோ அதையே நீங்களும் எடுங்க. மத்ததெல்லாம் தானா வரும்" என்றார். சொந்த விஷயத்தில் மூக்கை நுழைக்கிறார் என்று பட்டது. தனியாகத்தான் ஆடப் போகிறேன் என்றேன். முழுசாக நசுங்கி, ரிப்பேருக்குக் கூட லாயக்கில்லை என்று ஒதுக்கி வைத்த காரை நான் எப்படிப் பார்ப்பேனோ, அப்படி என்னைப் பார்த்தார்.

அவர் யோசனையைத் தள்ளிவிட்டு, நானே முறைப்படி ஆராய்ந்தேன். முதலில் பார்த்தது கம்ப்யூட்டரில் ஆடுகிற பெரிய விளையாட்டு. வீரர்களே நூற்றுக்கு மேல். ஒவ்வொருவனுக்கும் நாலைந்து வித்தை, ஒவ்வொரு வித்தைக்கும் ஒரு மாற்று. பத்து வருஷமாக ஆடுகிறவர்கள் எல்லாம் தங்களைப் புதியவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். ஒரு பட்டப் படிப்பு ஏற்கனவே இருக்கிறது, இன்னொன்று வேண்டாம் என்று வைத்துவிட்டேன். அடுத்தது போனில் ஆடுவது. சீக்கிரம் முடியும், தேறுவதும் சுலபம் என்றார்கள். ஆனால் அதில் வரும் பெண் வீரர்கள் போருக்கு உடுத்திக்கொண்டு வருகிற உடையைப் பார்த்தால், உன் அண்ணி கூடத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நான் போனைக் கவிழ்க்க வேண்டியிருக்கும். கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே நேர்மையான வழிக்கு வந்தேன். எந்த விளையாட்டின் மேல் எவ்வளவு புகார் என்று பார்த்தேன். ஒன்றன் மேல் மலை போலப் புகார். இன்னொன்றன் மேல் அதைவிடக் கூடுதல். மூன்றாவதாக, போனில் ஆடுகிற இன்னொன்று, அதன் மேல் புகாரே இல்லை என்று சொல்லிவிடலாம். ஒருவர் மட்டும் எழுத்து சின்னதாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். இதுவல்லவா விளையாட்டு என்று அதையே எடுத்தேன்.

அதன் மேல் புகார் இல்லாததற்குக் காரணம், அதை யாரும் ஆடவில்லை என்பதே. ஆட்டம் தொடங்கப் பத்துப் பேர் சேர வேண்டும். ‘ஆட்களைத் தேடுகிறோம்’ என்ற வாசகத்தைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த நேரத்தில் ஒரு நாவல் படித்து முடித்திருக்கலாம். நீயும் மகளும் ஆடுவது நான் பட்டப் படிப்பு என்று ஒதுக்கின அந்தப் பெரிய விளையாட்டு என்பது அப்புறம்தான் தெரிந்தது. அதற்குள் நான் இதில் பெயர் பதிந்து, பழகுகிறவர்களுக்கென்று உள்ள மைதானத்தில், ஆள் இல்லாமல் கம்ப்யூட்டரே இயக்குகிற எதிரிகளிடம் தோற்று முடித்திருந்தேன். பின்வாங்க மனம் வரவில்லை. அந்தக் குணம் உனக்குத் தெரியும்.

முதல் ஆட்டத்துக்கு வில்லாளி ஒருவனைத் தேர்ந்தெடுத்தேன். தூரத்தில் நின்றே அம்பு விடலாம், யாரோடும் நெருங்கிப் பழக வேண்டியதில்லை என்பதால் எனக்கு ஒத்துவரும் என்று தோன்றியது. ஆட்டம் தொடங்கியது. பேசுவதற்குக் கீழே ஒரு பெட்டி இருக்கிறது. நாலு பேரோடு சேர்ந்து ஒரு வேலையில் இறங்கும்போது அறிமுகம் செய்துகொள்வது மரியாதை அல்லவா? பாதையின் நடுவில் நின்று, ‘ஐயா, வணக்கம். நான் இவ்விளையாட்டுக்குப் புதியவன். தங்கள் அனைவரின் ஒத்துழைப்பையும்’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். ‘வேண்டுகிறேன்’ என்பதற்கு வருவதற்குள் செத்துவிட்டேன். மறுபடி உயிர் வந்ததும் விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கினேன். மறுபடி செத்தேன். என் அணியில் ஒருவர், நான் மனிதனா இல்லை இயந்திரமா என்று கேட்டார். அவருக்கு முற்றுப்புள்ளியோடு ஒரு பதில் எழுதினேன். அதற்கும் ஒரு உயிர் செலவானது.

ஆட்டம் முடிந்ததும் என் தொழில் என்னை விடவில்லை. கீழ்ப்பாதைக் கோபுரம் விழுந்ததில் தங்கள் பொறுப்பு பெரும்பகுதி, என் பொறுப்பு சிறுபகுதி, காட்டுக்குள் போய்த் திரும்பி வராதவர் பொறுப்பு மீதி என்று அணியில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அறிக்கை எழுதி அனுப்பினேன். பதிலாக வந்தவற்றை இங்கே எழுத முடியாது. ஒற்றைச் சொற்கள்தான், ஆனால் எழுத முடியாது. ஒவ்வொரு நாள் மாலையும் அலுவலகத்திலிருந்து வந்து, முகம் கழுவி, கூடத்தில் உட்கார்ந்து தோற்பதும் அறிக்கை எழுதுவதுமாக இருந்தேன். நான் விளையாட உட்கார்ந்தால் உன் அண்ணிக்குத் தலைவலி வந்துவிடும். ஆட்டச் சத்தம் ஆகாது என்று உள்ளறையில் போய்ப் படுத்துக்கொள்வாள். என் சந்தோஷம் எதுவும் அவளுக்கு ஒத்துக்கொள்வதில்லை.

அப்படி ஒரு மாலைதான் எறும்பு வந்தது.

கேடயம் தூக்கிய ஒரு குள்ள வீரன். தலைக்கு மேல் ‘எறும்பு’ என்று பெயர். இந்த ஆட்டத்தில் தன் அணிக்காரனைக் காப்பதே வேலையாகச் சிலர் இருப்பார்கள். அவர்களுக்குப் பெயரும் இல்லை, புகழும் இல்லை. அந்த வேலையை அது எடுத்துக்கொண்டது. அதிலும் சரியாகச் செய்தது என்று சொல்ல முடியாது. என்னைவிடக் கொஞ்சம்தான் தேவலை. ஆனால் நான் எழுத ஆரம்பித்தால் போதும், என் முன்னால் வந்து கேடயத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நான் எழுதி முடித்துப் புள்ளி வைக்கும்வரை நிற்கும். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு வாக்கியத்தை உயிரோடு எழுதி முடித்தேன். அந்த ஆட்டத்தில் எதிரிகள் மூன்று பேர் சேர்ந்து எங்கள் கோபுரத்தை நோக்கி வந்தபோது, நான் ஓடலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கையில், எறும்பு முதல் முறையாகப் பேசியது: "பயப்படாதீங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

தம்பி, வில்லை மறந்து அந்த வரியைத் திரும்பப் படித்தேன். உன் நாற்காலியில் என்னைச் சாய்த்து, தலைக்கு மேல் விளக்கை இழுத்து, அந்தக் குறடை எடுக்கும் முன் நீ சொன்ன வாக்கியம் அது. ஒரு சொல் மாறவில்லை. மாறியது ஒன்றுதான்: என்னிடம் ‘பயப்படாதே அண்ணா’ என்றாய், இங்கே ‘பயப்படாதீங்க’ என்று வந்தது. அந்த மரியாதை வேஷத்துக்காகப் போட்டுக்கொண்டது என்று உடனே புரிந்துகொண்டேன். அன்று அந்த அறையில் இருந்தது நீ, நான், பிறகு என் கண்ணாடியையும் கைக்கடிகாரத்தையும் மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து ஸ்டூலில் உன் அண்ணி. நான் சொல்லவில்லை. மிச்சம் நீ.

அதன் பிறகு சான்றுகளைச் சேர்த்தேன். எறும்பு சில சமயம் ஆட்டத்தின் நடுவில் சிலை போல நின்றுவிடும். நாலைந்து அடி வாங்கும், சாகும், அப்புறம் திடீரென்று உயிர்ப்பு வரும். ஒரு மருத்துவர் நோயாளியின் வாயில் மருந்து வைத்து மரத்துப்போகக் காத்திருக்கும் இடைவெளியில் ஆடுகிறார், நோயாளி முனகியதும் போனைப் பையில் போட்டுவிட்டு எழுகிறார் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? எங்கள் வீட்டுக் குக்கர் விசில் அடிக்கிற நேரத்தில்தான் இது பெரும்பாலும் நடக்கும். விசில் சத்தத்தில் நானே தடுமாறிக்கொண்டிருப்பேன், அதே சமயம் பார்த்து எறும்பும் நின்றுவிடும். ஆனாலும் என்னை விட்டுப் போகாது. வேறு நாலு பேர் என்னைத் திட்டினால் அவர்களோடு சேராது. தோற்ற பிறகு நான் அனுப்பிய அறிக்கைகளுக்குப் பதில் எழுதிய ஒரே ஆளும் அதுதான்: "சரிங்க, அடுத்த தடவை பாத்துக்கிறேன்." தவறை ஒப்புக்கொண்ட முதல் மனிதரை நான் இந்தத் தொழிலில் பார்த்தது அங்கேதான். பல்லுக்கும் நீ இப்படி ஒரு வரி எழுதியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

நீ என்று தெரிந்த பிறகும் நான் ஏன் ஆட்டத்தை நிறுத்தவில்லை என்று கேட்பாய். நிறுத்தலாம் என்று இருந்தேன். ஆனால் மாலையானால் அந்தக் குள்ளன் வந்திருப்பானா என்று மனம் பார்க்கத் தொடங்கியிருந்தது. அலுவலகத்தில் மேலாளர், என்ன சார் இப்பெல்லாம் சீக்கிரம் கிளம்புறீங்க என்று கேட்கும் அளவுக்குப் போனேன். நீ உன் பெரிய விளையாட்டை விட்டுவிட்டு, எனக்காக ஆளில்லாத ஒரு விளையாட்டில் வந்து கடைசி வரிசையிலிருந்து ஆரம்பித்திருக்கிறாய் என்று நினைக்கும்போது, பல் போன இடத்தில் நாக்கு போய்த் தடவுகிற மாதிரி மனம் அங்கேயே போய்க்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து எனக்கு வாய்ப்பூட்டு விழுந்தது. நான் அளவுக்கு மீறி எழுதுவதாக அணிக்காரர்கள் புகார் கொடுத்திருக்கிறார்கள். புகாரே இல்லாத அந்த விளையாட்டில் முதல் புகார் என் மேல். விளையாட்டு நிர்வாகம் விசாரணை இல்லாமல், என் தரப்பைக் கேட்காமல், சில நாட்களுக்கு நான் பேசக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆடலாம், பேச முடியாது. பெட்டியில் என்ன எழுதினாலும் சிவப்பாக ஒரு வரி வந்து மறிக்கிறது. இது எனக்குப் புதிதல்ல, உன்னோடு பழகிய பழக்கம்தானே என்று ஆடப் போனேன். விசித்திரம் என்னவென்றால், எழுத முடியாது என்று ஆனதும் இரண்டு கையும் ஆட்டத்துக்கே கிடைத்தன. அம்புகள் படத் தொடங்கின.

போன சனிக்கிழமை மாலை. ஆட்டம் நீண்டுகொண்டே போனது. எங்கள் பக்கக் கோபுரங்கள் எல்லாம் விழுந்துவிட்டன, அவர்கள் பக்கமும் அப்படியே. எதிரிக் கோட்டை அடிபட்டு நிற்கிறது, இன்னும் சில அம்பு போதும். அப்போது அவர்களுடைய மொட்டைத்தலை வாள்வீரன் ஒருவன் என் மேல் பாய்ந்தான். எனக்கு உயிர் நூல் அளவு. திரும்பி ஓடப் பார்த்தேன். எறும்பு எங்கிருந்தோ ஓடி வந்து இடையில் நின்றது. கேடயம் போய்விட்டது, வெறும் ஆளாக நின்றது. நிற்க வேண்டிய அவசியமே இல்லை. நான் செத்தால் கொஞ்ச நேரத்தில் உயிர் வரப் போகிறது. ஆனாலும் நின்றது. அது விழுவதற்கும் என் கடைசி அம்பு கோட்டையில் படுவதற்கும் சரியாக இருந்தது. கோட்டை சரிந்தது. அது எங்கள் முதல் வெற்றி.

நான் பெட்டியில் ‘நன்றி’ என்று எழுதினேன். சிவப்பு வரி வந்து மறித்தது. மறுபடி எழுதினேன். மறுபடி மறித்தது. ஒரே ஒரு சொல். எத்தனையோ பேருக்குப் பக்கம் பக்கமாக எழுதிக் குவித்தவனிடம் அந்த ஒரு சொல்லை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. வேறு வழி தெரியாமல், எறும்பு விழுந்த இடத்தைச் சுற்றி என் வில்லாளியை வட்டமாக ஓட விட்டேன். ஆட்டம் முடிந்து திரை மங்குவதற்குள் எறும்பு எழுந்து வந்து, அதுவும் என்னோடு வட்டமாக ஓடியது. இரண்டு வளர்ந்த மனிதர்கள் செய்கிற காரியமா அது? ஆனால் ஓடினோம். அன்று சாப்பாட்டுக்குக் கூப்பிட நேரமாகிவிட்டது, சோறு குழைந்திருந்தது. நான் குறை சொல்லவில்லை. உன் அண்ணி பரிமாறிக்கொண்டே, "ஜெயிச்சீங்க போல" என்றாள். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுகிறாள்.

ஆகவே, போனில் சொல்ல வாய் வராததாலும், விளையாட்டில் சொல்ல வழி அடைபட்டதாலும், காகிதத்தில் சொல்கிறேன். கேடயம் இல்லாமல் முன்னால் வந்து நின்றதற்கு நன்றி. இதை வைத்துக்கொண்டு பல் விஷயம் தீர்ந்துவிட்டது என்று எண்ணாதே. அது தனிக் கணக்கு. ஆனால் மகள் ஹோட்டலில் சாப்பிடக் கூடாது. சாப்பாடு உன் வீட்டிலேயே இருக்கட்டும். உன் வீட்டு மேஜை பெரியது, எல்லோரும் ஒன்றாக உட்காரலாம். நாங்கள் இருவரும் மகளோடு வருகிறோம். அங்கே யாரும் பல்லைப் பற்றிப் பேசக் கூடாது. நான் இடப்பக்கமாகவே மென்றுகொள்கிறேன். மெல்லும்போது நீ என் வாயை உற்றுப் பார்க்கக் கூடாது. சாப்பிட்ட பிறகு அந்தப் பெரிய விளையாட்டை எனக்கு நீங்கள் இருவரும் முதலிலிருந்து சொல்லிக் கொடுக்க வேண்டும். வேகமாகச் சொல்லக் கூடாது, சிரிக்கக் கூடாது. அதிலும் நீ எனக்கு முன்னால் நிற்பதாக இருந்தால் எனக்கு ஆட்சேபனை இல்லை.

உனக்கும் உன் மனைவிக்கும் எல்லா நலமும் சேரட்டும். உன் நாற்காலியில் சாய்கிறவர்களுக்கு என் அனுதாபத்தைத் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: மேலே கையெழுத்துக்கு விட்ட இடம் காலியாக இருப்பதன் காரணம் பின்வருமாறு. உறையில் எழுத உன் வீட்டுக் கதவு எண் நினைவுக்கு வராமல் உன் அண்ணியைக் கேட்டேன். "போனா தெரியுற வீட்டுக்கு எண் எதுக்கு? யாருக்கு இவ்வளவு நீளமா எழுதியிருக்கீங்க?" என்று கேட்டபடி தாள்களை வாங்கி நின்றுகொண்டே படித்தாள். பல் வந்த இடத்தில் பெருமூச்சு விட்டாள். புகாரே இல்லாத விளையாட்டு வந்த இடத்தில் சிரித்தாள். எறும்பு வந்ததும் உட்கார்ந்துவிட்டாள். கடைசித் தாளை மடியில் வைத்து ஓரத்தை நீவிவிட்டாள். அப்புறம், "என்னங்க, எறும்பு உங்க தம்பி இல்லை. நான்" என்றாள்.

விளையாடாதே என்றேன். விளையாடினதைத்தான் சொல்கிறேன் என்று எழுந்து போய் உள்ளறையிலிருந்து தன் போனைக் கொண்டு வந்து காட்டினாள். கேடயத்தோடு அந்தக் குள்ளன் நின்றுகொண்டிருக்கிறான். நான் ஆளில்லாத விளையாட்டில் தனியாக மாட்டிக்கொண்டு முழிப்பதை இவள் மகளிடம் சொல்லியிருக்கிறாள். மகள் அங்கிருந்தே போனில் வழி சொல்லி எல்லாம் போட வைத்து, அப்பாவுக்குத் துணைக்குப் போம்மா என்று அனுப்பியிருக்கிறாள். தலைவலி, குக்கர், குழைந்த சோறு எல்லாம் வரிசையாகப் புரிந்தது. ஒரு கீறலைப் பார்த்து வண்டி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவேன் என்று பெயர் வாங்கியவன், ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது யார் என்று கண்டுபிடிக்கவில்லை. கடைசி முயற்சியாக, எறும்பு கடித்த மாதிரி என்பது தம்பியின் வாக்கியம் அல்லவா என்று கேட்டேன். "நானும் அங்கதானே இருந்தேன். அவர் அதைச் சொன்னதும் நீங்க யார் கையைப் பிடிச்சீங்க?" என்றாள்.

அப்படியானால் நீ எனக்காக எந்த விளையாட்டிலும் கடைசி வரிசைக்கு வரவில்லை, எந்தக் கேடயத்தையும் தூக்கவில்லை. நான் இத்தனை நாளாக உன்னை மனதில் வைத்து நெகிழ்ந்ததெல்லாம் வீண். கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்று கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. "எனக்குச் சொன்ன நன்றியை நான் படிச்சுட்டேன். மிச்சத்தை உங்க தம்பிக்கு அனுப்புங்க" என்றாள்.

ஆகவே நன்றி என்று வரும் இடங்களை நீ தாண்டிப் போய்விடு. அவை சேர வேண்டியவருக்குச் சேர்ந்துவிட்டன. புகார்கள் அப்படியே நிற்கின்றன. சாப்பாடும் அப்படியே நிற்கிறது. ஆனால் நான் இதில் கையெழுத்துப் போட்டால் இது ஆவணம் ஆகிவிடும். ஆளை மாற்றிக் கணித்த மதிப்பீட்டாளன், பல்லை மாற்றிக் கணித்தவனுக்கு எழுதியது என்று நீ கண்ணாடி போட்டுக் கிளினிக்கில் மாட்டிவிடுவாய். எழுதியவர் யார் என்று சந்தேகம் வந்தால், வாயைத் திறந்து போனில் கேட்டுக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் வீட்டில்தான் இருப்பேன். எறும்பு செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் காத்திருக்கிறது, இரண்டு பேருமாகத் தபால் பெட்டிவரை நடந்து, இதைக் கையெழுத்து இல்லாமலே போட்டுவிடப் போகிறோம்.